உப்புவெளியில் வைத்த சோறு

நான் நீண்ட காலம் வேலைபார்த்த பயண நிறுவனம், இனிமேல் பொலிவியா உப்புவெளிப் பயணத்துக்கு ஒஸ்லோவிலிருந்து வழிகாட்டி எவரையும் அனுப்பப் போவதில்லையாம். போன கிழமை பழைய கூட்டாளி ஒருவர் தொலைபேசியில் சொன்னார். பயணிகள் கையில் கட்டியிருக்கிற கடிகாரமே இதயத்துடிப்பு, இரத்தத்திலுள்ள ஒட்சிசன், நித்திரை எல்லாவற்றையும் அளந்து சொல்லிவிடுகிறது, ஜீப் ஓட்ட உள்ளூர்ச் சாரதி இருக்கிறார், பிறகெதற்கு நோர்வேயிலிருந்து ஓர் ஆள் என்று கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். நான் தொலைபேசியை வைத்த வைப்பில் அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பென்சன் எடுத்த மனுசனுக்கு என்னத்துக்கப்பா இந்தக் கோவம்?" என்றாள்.

கோபம்தான். கடிகாரம் எல்லாம் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று உப்பின் நடுவில் உட்கார்ந்துவிட்ட ஒரு தாயை அது என்ன செய்யும்? அந்தத் தாயைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. அவரும் அவருடைய கணவரும் காலமாகிவிட்டார்கள். இனி எழுதினால் யாருக்கும் நோகாது என்று நினைக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவன் அல்ல. எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்றபோது, எதிர் மேசையில் சிலி நாட்டு அகதி ஒருவர் நின்றார். எனக்கும் நோர்வே மொழி வராது, அவருக்கும் வராது. முள் எடுத்தபடியே நான் அவரிடமிருந்து ஸ்பானிய மொழியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னிடமிருந்து பிடித்தது நாலைந்து தூஷண வார்த்தைகளை மட்டும்தான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து சுற்றுலா பஸ் ஓட்டினேன். தென்னமெரிக்காவுக்கு ஆட்களை அழைத்துப் போகிற சிறிய நிறுவனம் ஒன்று ஸ்பானிய மொழி தெரிந்த ஆளைத் தேடுகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவரும் அதே சிலிக்காரர்தான். முதலுதவிப் படிப்பும் சான்றிதழும் பிறகு வந்தவை.

உண்மையில் என்னைப் பழக்கியவர் இங்கர். நிறுவனத்தில் பயணங்களுக்குப் பொறுப்பானவர், அதற்கு முன் மலைமீட்புக் குழுவில் தாதியாக இருந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சுத்தமான கண்ணாடியை அவர் அதிக நேரம் துடைத்தால் நாங்கள் மெல்ல அறையைவிட்டு நழுவுவோம். என்னுடைய முதல் பயணத்தில் கூடவே வந்தார். ஒரு வார்த்தை திருத்தவில்லை. ஊருக்குத் திரும்பி விமான நிலையத்தில் பெட்டிக்குக் காத்து நிற்கும்போது, நான் விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக, கடையில் சாமான் சொல்லுகிற குரலில் சொல்லி முடித்தார்.

உயுனி என்ற சிறு பட்டணத்திலிருந்து ஜீப்பில் புறப்பட்டால் சற்று நேரத்தில் தரை வெள்ளையாகிவிடும். பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புத்தான். மழை ஓய்ந்து காய்ந்ததும் கட்டம் கட்டமாக வெடித்துக் கிடக்கும். மரம் இல்லை, புல் இல்லை. பகலில் வெயில் தோலை உரிக்கும். பொழுது பட்டால் போத்தலுக்குள் தண்ணீர் உறையும். ஓரத்திலே உப்பைக் கட்டி கட்டியாக அரிந்து அடுக்கிய விடுதியில் ஓர் இரவு தங்குவோம். சுவரும் உப்பு, கட்டிலும் உப்பு. எந்தக் குழு வந்தாலும் அந்தச் சுவரை ஒருவராவது நக்கிப் பார்க்காமல் திரும்பியதில்லை.

அழகான இடம், உடம்புக்கு ஆகாத இடம். மூவாயிரத்து அறுநூறு மீற்றருக்கும் மேலே காற்றில் ஈரமே இல்லை. தாகம் தெரியாமலே உடம்பு வற்றிவிடும். வற்றிய உடம்பென்றால் உயரம் இன்னும் பொல்லாதது. முதலில் தலையிடி, பிறகு ஓங்காளம், பிறகு நடை தள்ளாடும். நடை தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு ஆளைக் கீழே இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே இங்கர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். பின்னேரம் விடுதிக்கு வந்ததும், காலையில் எழும்பியதும் வழிகாட்டி ஒவ்வொரு பயணியிடமும் போகவேண்டும். நின்றபடி கேட்கக்கூடாது, அவர் இருக்கிற உயரத்துக்கு இருந்து கேட்கவேண்டும். சுகமா என்று கேட்டால் எல்லாரும் சுகம் என்பார்கள், அதனால் அதைக் கேட்கக்கூடாது. தலை எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக எப்போது சலம் போனீர்கள், சிறுநீர் என்ன நிறம் என்று கேட்கவேண்டும். நோர்வேக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்குக் கொன்றாலும் வாய் வராது. மனைவியைப் பற்றிக் கணவனிடமோ, கணவனைப் பற்றி மனைவியிடமோ விசாரிக்கக்கூடாது. போத்தலைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். போத்தலைப் பார்க்காதே, தொண்டையைப் பார் என்பார் இங்கர். கடைசியாக, ஜீப் ரயர் பதிந்த தடத்தின் மேல் ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு முட்டவைத்து அடியடியாக நடக்கச் சொல்லவேண்டும். நேராக நடந்தால் சரி.

இனி அந்தத் தாயின் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். நிரூ என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதைத் தொட்ட வயது. ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் பார்ணஹாகன் எனப்படுகிற சிறுவர் பள்ளி ஒன்றில் வேலை. பயணத்துக்கு முன் ஒஸ்லோவில் நாங்கள் வைக்கிற விளக்கக் கூட்டத்துக்கு வந்திருந்தான். நோர்வேக்காரர்கள் உடுப்பையும் ஊசியையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, இவன் முடிவில் என்னிடம் வந்து தமிழில் கேட்டான்.

"அங்கிள், அங்கை இரவிலை என்ன சத்தம் கேக்கும்?"

"ஒண்டும் கேளாது, தம்பி. உம்மடை காதுக்குள்ளை ரத்தம் ஓடுறதுதான் கேக்கும்."

"அதுக்குத்தான் வாறன்," என்று சிரித்தான். "நாள் முழுக்க பார்ணஹாகன் பிள்ளையளின்ரை சத்தம். ஒரு நாளைக்கு ஒண்டும் கேளாமல் படுக்கவேணும்."

புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது, வேலையால் வந்து படுத்தவன் காலையில் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். ஒரு காய்ச்சலென்று கிடந்தறியாத பிள்ளை. புருசெத்திலிருந்த அந்த வீட்டுக்கு நானும் போனேன். தாய் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

சில மாதங்கள் கழித்துத் தகப்பன் அலுவலகத்துக்கு வந்தார். தியாகராசா அண்ணர், திருகோணமலைக்காரர். அவரும் என்னைப்போல வடக்கே மீன் வெட்டியவர்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றியபடி நின்றார்.

"தம்பி, அவன் போக இருந்த பயணத்துக்கு வாற வருசம் நாங்கள் ரெண்டுபேரும் வரலாமோ? அவன்ரை ஆட்டைத் திவசம் திதிப்படி அந்த நாளுகளுக்கைதான் வருது. அவ அங்கை வைச்சுச் செய்யவேணும் எண்டு நிக்கிறா."

இங்கர் இருவரையும் இதய வைத்தியரிடம் அனுப்பிச் சோதித்த பிறகுதான் சம்மதித்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. போகும் வழியில் தாழ்வான ஊர்களில் தங்கி உடம்பைப் பழக்கினோம். தாய் புவனேஸ்வரி அக்காவின் நடை என்னுடைய நடையைவிட நேராக இருந்தது. பெட்டிக்குள் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் மா, ஈரத்துணியில் சுற்றிய வாழையிலை எல்லாம் ஒஸ்லோவிலிருந்தே வந்திருந்தன.

உப்புவெளிக்குள் இறங்கிய முதல் நாள் பின்னேரம், வழக்கம்போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காவின் முன் இருந்து போத்தலைத் திறந்து கொடுத்தேன். வாயில் வைத்தார். தொண்டை அசையவில்லை.

"அக்கா, குடியுங்கோ."

"இப்பத்தான் குடிச்சனான், தம்பி."

"அவ குடிச்சவ," என்றார் அண்ணர், நான் அவரிடம் கேட்காமலே. "பாரும், போத்தில் முடிஞ்சுது."

போத்தல் காலியாகத்தான் இருந்தது. அதில் அக்காவின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் அந்தப் பின்னேரம் அண்ணர் சலம் போக வெளியே போய்வந்த தடவைகளை நான் கவனித்திருந்தேன். அண்ணரைத் தனியே கூப்பிட்டு, இரண்டு பேருடைய தண்ணீரையும் நீங்கள்தானே குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர் தரையைப் பார்த்தார்.

"விரதம், தம்பி. படைச்சுப்போட்டுத்தான் வாயிலை தண்ணி வைப்பன் எண்டு நிக்கிறா. உயரத்துக்கெண்டு குடுத்த மாத்திரையும் போடேல்லை. உம்மட்டைச் சொன்னால் விடமாட்டீர் எண்டு..."

எப்போதிருந்து விரதம் என்று கேட்டேன். அங்கேதான் எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் வெளிப்பட்டது. வீட்டில் திவசத்துக்கு முதல் நாள் மாலை விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து அக்கா பட்டினி கிடப்பாராம். புருசெத்தில் விளக்கு வைக்கிற நேரம் பொலிவியாவில் நட்ட நடு மத்தியானம். மகன் இறந்தது ஒஸ்லோவில், ஆகவே விரதம் தொடங்குவது ஒஸ்லோ நேரத்துக்கு. படைப்பது உப்புவெளியில், ஆகவே முடிப்பது பொலிவியா நேரத்துக்கு. எதற்கும் குறை வந்துவிடக்கூடாது என்று இரண்டு ஊர் நேரத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தார் அக்கா. அந்த வெயிலில், அந்தக் காற்றில்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செய்மதித் தொலைபேசியில் இங்கரை எடுத்தேன். தலையிடி உண்டா, நேராக நடக்கிறாரா என்று இரண்டு கேள்வி கேட்டார். தலையிடி இல்லை, நடை நேர் என்றேன். அந்த முனையில் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"நாளை மத்தியானம் வரை," என்றார். "காலையில் நடை பிசகினால் மத்தியானமும் இல்லை. அதற்குப் பிறகு யாருடைய கடவுளோடும் நீ பேரம் பேசாதே, வண்டியைத் திருப்பு."

அக்காவிடம் போய் அப்படியே சொன்னேன். மத்தியானம் படைத்ததும் குடிப்பேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். காலையிலும் நேராகவே நடந்தார். சற்று மெதுவாக, அவ்வளவுதான்.

மற்றப் பயணிகளை இரண்டாவது ஜீப்பில் எரிமலை அடிவாரம் பார்க்க அனுப்பிவிட்டு, நான் இவர்களோடு நின்றேன். விடுதிக்காரி தன் அடுப்பை விட்டுக்கொடுத்தாள். அந்த உயரத்தில் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும், சோறு வேகாது. குக்கர் இல்லாமல் காரியம் நடக்காது. அக்கா அடுப்பின் முன் அடிக்கடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கை கொடுக்கப் போனால் விலக்கினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மகனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பால்கறி. படைக்கிற சாப்பாட்டை எங்களில் ருசி பார்ப்பதில்லை. ஒன்றையும் வாயில் வைக்காமலே இறக்கி, துணியால் கட்டினார்.

சாரதி ஃபெர்மீன் நடுத்தர வயதுக்காரர், கோக்கா இலையை ஒரு கன்னத்தில் அடக்கிவைத்தபடி நாள் முழுக்கப் பேசாமல் ஓட்டுவார். வெளியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். சிறிது தள்ளி, உப்பின் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதில் இலையைப் போட்டு அக்கா பரிமாறினார். கற்பூரம் கொளுத்தினார். மகனின் படத்தை வைக்கவில்லை. படம் வேண்டாம், அவன் இங்கே நேரே வருவான் என்றார். நாங்கள் ஜீப்பின் பக்கம் வந்து நின்றோம்.

நின்றோம், நின்றோம்.

"காகம் எங்கை?" என்றார் அக்கா.

அப்போதுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது. படைத்த சோற்றைக் காகம் எடுக்கவேண்டும். எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். பாட்ஸ்பியோர்ட்டில் அதைக் கடற்பறவை எடுத்தது. புருசெத்தில் சாம்பல் நிறக் காகம் பல்கணிக் கம்பியில் வந்து நிற்கும். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் ஏதோ ஒன்று பறந்து வந்து எடுக்கும் என்றே இருந்துவிட்டோம். வாழையிலையை மறக்காதவர்களுக்கு, அந்த வெளியில் பறவை இல்லை என்பது தோன்றவேயில்லை. எத்தனையோ தரம் அங்கே போய்வந்த எனக்கும்தான்.

ஃபெர்மீன் எதற்குக் காத்து நிற்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தானும் வானத்தைப் பார்த்தார்.

"மழைக்காலத்தில் ஓரத்துக்குப் பூநாரைகள் வரும்," என்றார் தணிந்த குரலில். "இப்போது ஒன்றும் வராது."

அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. அண்ணர் இலைக்குப் பக்கத்தில் போய் நின்று, வாயைக் குவித்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். எதிரொலி கூட இல்லாத வெளி. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர் வெறும் வானத்தைப் பார்த்துக் காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் அந்தக் குரல் கேட்கிறது.

மத்தியானம் கடந்துவிட்டது.

"அக்கா, சொன்ன சொல்லு. தண்ணி குடியுங்கோ."

"கொஞ்சம் பொறும் தம்பி. வருவான். தூரத்திலையிருந்து வரவேணும்தானே."

நடந்து காட்டச் சொன்னேன். எழும்பி ரயர் தடத்தில் இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடி தடத்துக்கு வெளியே போனது. நான் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "நிரூ சாப்பிட்டானோ?" என்றார். ஜீப்பிலிருந்த ஒட்சிசன் சிலிண்டரை எடுத்துத் திறந்து குழாயை மூக்கில் வைத்தேன். மூக்கால் போவது விரதத்துக்குப் பழுதில்லை என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார். போத்தலைக் கிட்டக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். உதடு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது.

"தூக்கி வைப்போமா?" என்றார் ஃபெர்மீன்.

தூக்கலாம். நாங்கள் மூன்று ஆண்கள், அவர் ஒரு பிடி மனுசி. உயுனியும் அதே உயரம்தான், ஆளை இறக்கக்கூடிய தாழ்ந்த பட்டணம் மணிக்கணக்கான தூரம், பாதை முழுக்க மேடும் பள்ளமும். தண்ணீர் இறங்காமல் அவர் அந்தப் பாதையைத் தாங்குவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதை அண்ணரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "அண்ணை, இனிக் காவல் இருந்தால் அக்காவையும் இஞ்சையே விட்டிட்டுப் போகவேண்டி வரும்," என்றேன். கடுமையான சொல்தான். வேறு சொல் எனக்கு வரவில்லை.

அண்ணர் மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். வெறுங்காலோடு உப்பின் மேல் நடந்துபோய், இலையின் முன் சப்பாணி கட்டி இருந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றவும் இல்லை. சோற்றைப் பிசைந்து ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார்.

"என்னப்பா செய்யிறியள்?" அக்கா கத்தினார். சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "அது பிள்ளைக்கு வைச்சது! அவன் வரப்போறான்! எழும்புங்கோ!"

அண்ணர் எழும்பவில்லை. அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், ஒவ்வொரு பிடிக்கும் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டார். கண்ணால் வழிந்ததைத் துடைக்கவில்லை. பருப்பு, குழம்பு, பால்கறி ஒவ்வொன்றையும் வழித்தார். ஏதோ கலியாண வீட்டில் முதற்பந்தியில் இருந்தவர்போல அவசரமில்லாமல் முடித்தார். நான் அந்தத் தொழிலில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். ஒரு தகப்பன் பிள்ளையின் பங்கைச் சாப்பிடுவதை அன்றுதான் பார்த்தேன். கடவுளே, இனி ஒருவருக்கும் இதைக் காட்டாதே என்றிருந்தது.

வெறும் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் முன் முழங்காலில் நின்றார்.

"பாரும், புவனம். ஒரு பருக்கை இல்லை. சாப்பிட்டாச்சு. இனி நீர் குடியும்."

அக்கா இலையைப் பார்த்தார். அவருடைய வாயைப் பார்த்தார். மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் போத்தலை உதட்டில் வைத்தேன். தொண்டை அசைந்தது. ஒரு முறை, இன்னொரு முறை. மாத்திரையும் இறங்கியது.

ஃபெர்மீன் ஓட்டிய ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அக்கா பின்னிருக்கையில் படுத்திருந்தார். அண்ணர் தன் மடியில் தலையை வைக்கச் சொன்னபோது தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். போத்தலை என் கையால் மட்டும் வாங்கிக் குடித்தார். வழி முழுக்க அண்ணரோடு ஒரு வார்த்தை இல்லை. அண்ணரும் கேட்கவில்லை. எச்சில் கையைக் கழுவாமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

தாழ்ந்த பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டொக்டர். இங்கருக்குச் சொன்னேன். "நல்லது," என்றார். பிறகு, இங்கர் கேட்கவே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "நீ சாப்பிட்டாயா?"

சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. கடைகள் சாத்தியிருந்தன. ஜீப்பில் மிச்சச் சோறும் கறியும் சட்டியோடு இருந்தன. படைத்து முடிந்த சாப்பாடு, இனி யாரும் சாப்பிடலாம். ஃபெர்மீனும் நானும் ஆஸ்பத்திரி வாசற்படியில் இருந்து சாப்பிடத் தொடங்கினோம். ஒரு வாய் வைத்ததும் ஃபெர்மீன் என்னைப் பார்த்தார்.

"உங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு உப்பில்லாமலா சமைப்பீர்கள்?" என்று கேட்டார், மரியாதையாக.

நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். சோறு சரி. பருப்பிலும் உப்பில்லை, குழம்பிலும் இல்லை, பால்கறியிலும் இல்லை. சுற்றவர உப்பாய்க் கிடந்த இடத்தில், தலை சுற்றிச் சுற்றிச் சமைத்த அந்த மனுசி ஒன்றுக்கும் உப்புப் போட மறந்திருந்தார். அதைத்தான் அண்ணர் முகம் மாறாமல் வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"இல்லை," என்றேன். "போடுவோம்." அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அக்காவுக்கு முகம் தெளிந்திருந்தது. தலையணையைச் சாய்த்து வைத்து, தானாகவே கோப்பையைப் பிடித்துக் குடித்தார். அண்ணர் கட்டிலின் கால்மாட்டில் கதிரையில் இருந்தார். அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. நான் போத்தலை மாற்றி வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினேன்.

"இஞ்சாருங்கோ," என்றார் அக்கா.

அண்ணர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"கறியளுக்கு உப்புப் போதுமாயிருந்ததோ? ருசி பாக்காமல் இறக்கினது."

அண்ணர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"கணக்காயிருந்துது," என்றார். "உம்மடை கை எப்ப பிழைச்சது?"

அக்கா கோப்பையைப் பக்கத்தில் வைத்தார். பிறகு கையை நீட்டினார். அண்ணர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனார்.

"உப்புக் குறைஞ்சால் அவன் தொடமாட்டான்," என்றார் அக்கா. "அப்ப அவன் சாப்பிட்டிருப்பான், என்ன?"

"ஓம்," என்றார் அண்ணர். "வயிறு நிறையச் சாப்பிட்டவன்."